வலது பக்கம் காலியில்லை

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் நிற்பவள் நெகி. வலது பக்கம் நிற்பவள் நான், ஷோகா. நடுவில் ஒரே ஒரு மைக். அவள் மகா புத்திசாலி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது உளறுவாள். நான் புறங்கையால் அவள் மார்பில் ஒரு தட்டு தட்டி, என்னடி உளறுகிறாய் என்று கேட்பேன். கிட்டத்தட்ட இருபது வருஷம் இதுதான் எங்கள் பிழைப்பு. ஒசாகாவில் இது ஒரு கௌரவமான தொழில். வேறு ஊர்க்காரர்கள் நம்பாவிட்டால் அது அவர்கள் பாடு.

இப்போது அவளை டைரக்டர் அம்மா என்கிறார்கள். கதை வசனம் அவள், இயக்கம் அவள், கடைசிக் காட்சியில் நடிப்பும் அவள். பத்திரிகைக்காரர்கள் எங்கள் கடைவீதிக்கு வருகிறார்கள். என் கடையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் அடையை வயிறு முட்டத் தின்றுவிட்டு, அவருக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் பதில் சொன்னால் என் தொண்டைக் கரகரப்பைக் கேட்டுவிட்டுப் பாவம் என்று பார்க்கிறார்கள். நான் சொன்னதில் பாதியைத் தப்பாக எழுதுகிறார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் பக்கத்தில் நின்று அடித்தவளுக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அவள் உண்மையான பெயர் குவாபாதா மிட்சுவே. இசுமி பக்கம் ஒரு துவாலை ஆலையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது புதிதாக வந்து சேர்ந்தாள். நெட்டையாக, ஒல்லியாக, காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு. முதல் நாளே மேற்பார்வையாளர் அவளைத் தறிக்கு முன்னால் நிறுத்தி, முன்பு வேலை பார்த்த ஆலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்.

"நான் விடலைங்க. ஒரு நாள் காலையில போனேன், ஆலையைக் காணோம்" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பின்னாலிருந்து, "நீ வேற ஸ்டேஷன்ல இறங்கியிருப்பேடி" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கிடைத்த மாதிரி ஒரு பார்வை. "ஓ, அதான் அங்க இருந்தவங்க யாருமே என்னை விசாரிக்கலையா" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்ததில் இரண்டு தறியில் நூல் சிக்கிக்கொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே திட்டு விழுந்தது.

அந்த வருஷக் கடைசி விருந்தில் எங்களை மேடையில் ஏற்றிவிட்டார்கள். விருந்தாளியாக வந்திருந்த சுருமாரு ஐயா, பழைய சிரிப்பு நடிகர், எங்களைப் பார்த்துவிட்டு மிதோரி சிரிப்பு அரங்கத்துக்கு வரச் சொன்னார். அவர்தான் பெயரும் வைத்தார். அடுத்த கோடைக்காலம், ஐஸில் போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வெங்காயத்தாளும் துருவின இஞ்சியும் இருந்தன. நெட்டையைப் பார்த்து வெங்காயத்தாள் என்றார். என்னைப் பார்த்து, வாயைத் திறந்தால் எரிகிறது, இஞ்சி என்றார். எங்கள் பாஷையில் நெகி, ஷோகா. அவ்வளவுதான். நல்ல வேளை, அன்றைக்கு அவர் ஆக்டோபஸ் சாப்பிடவில்லை.

நாங்கள் பெரிய ஆட்கள் ஆனோமா என்று கேட்டால், இல்லை. எங்கள் முறை எப்போதும் நடுவில்தான் வரும். அந்த நேரத்தில்தான் ஜனங்கள் டப்பா சாப்பாட்டைத் திறப்பார்கள். வாய் நிறையச் சோறு இருக்கிறவனைச் சிரிக்கவைப்பது சாதாரண விஷயம் இல்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சோற்றுப்பருக்கை என் கிமோனோவில் வந்து விழுந்த நாளெல்லாம் உண்டு. அதைத் தட்டிவிடாமல் அப்படியே வீட்டுக்குப் போவேன். டெலிவிஷன்காரர்கள் கூப்பிட்டுப் பதக்கம் தரவில்லை என்றால் என்ன, எங்களுக்கு அது போதும்.

எங்கள் வசனம் எல்லாம் நெகி எழுதுவாள். அவள் எழுதுகிற விதத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிறதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அவள் வரியை மட்டும் எழுதுவாள். பிறகு ஒரு இடம் காலியாக விடுவாள். பிறகு அவளுடைய அடுத்த வரி. நான் பேசவேண்டிய இடத்தில் ஒரு எழுத்துகூட இருக்காது. ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. என் வரியையும் எழுதித் தொலையேன், எனக்கென்ன சம்பளம் கம்மியா என்று சண்டை போட்டேன். நான் எழுதினால் அது நான் பேசுவதாக இருக்கும், நீ பேசுவதாக இருக்காது என்றாள். அப்புறம் அந்தக் காலி இடம் எனக்குப் பழகிவிட்டது. அதைப் பார்த்தால் என் பெயரையே எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

அவள் எழுதியதில் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது குடைக் கதை. ஒரு நல்ல குடை வாங்கினேன், இவ்வளவு நல்ல குடை நனையக்கூடாதே என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று தொடங்குவாள். மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, டாக்டரிடம் போய், அங்கிருந்து பொதுக் குளியலறைக்குப் போய் அது முடியும். எந்த ஜோடியாக இருந்தாலும் கடைசியில் தட்டிக் கேட்கிறவள்தான் முடிக்கவேண்டும். "போதும்டி, விடு" என்று நான் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து வணங்கவேண்டும். நான் சொல்லாதவரை அவள் மேடையை விட்டு இறங்க முடியாது. உளறுகிறவள் தானாக உளறலை நிறுத்தினால் அது என்ன உளறல்?

பிறகு என் தொண்டையில் ஏதோ வளர்ந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. மிச்சம் இருந்தது கிணற்றுத் தவளை மாதிரி ஒரு சத்தம். முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. மைக்கை வாய்க்குள் வைத்தாலும் தட்டிக் கேட்கிறவளின் குரலில் இருக்கவேண்டிய வெட்டு இல்லை. நான் அழவில்லை. என் புருஷன் கடையில் கல்லுக்கு முன்னால் நின்று அடை திருப்பக் கற்றுக்கொண்டேன். சரி, கொஞ்சம் அழுதேன்.

அரங்கத்து மேனேஜர் நெகியைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், மணி மாதிரி குரல், அவளோடு ஜோடி சேர்ந்துகொள் என்றார். இதை எனக்குச் சொன்னது மேனேஜரேதான், தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

"வலது பக்கம் காலியில்லைங்க" என்றாளாம் நெகி.

"காலியில்லையா? யாரும்மா நிக்கிறா அங்க?"

"ஷோகா நிக்கிறா. கொஞ்சம் லேட்டா வருவா."

கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவள் கடைக்கு வந்ததும், பைத்தியமே, சோற்றுக்கு என்ன செய்வாய் என்று இருக்கிற சத்தத்தை எல்லாம் திரட்டிக் கத்தினேன். உன் கடையில்தான் அடை இருக்கிறதே என்றாள். பக்கத்து ஸ்டூலில் அடை தின்றுகொண்டிருந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதாவது, அவள் போன பிறகுதான் வந்தது.

தனியாக மேடையேறிப் பார்த்தாள். நிகழ்ச்சி ஓடவில்லை. உளறினால் யாராவது கேட்கவேண்டும், கேட்க ஆளில்லாத உளறலைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதனால் மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அரங்கத்தில் வாராவாரம் போடுகிற சிரிப்பு நாடகங்களுக்கு ஒட்டுப் போட ஆரம்பித்தாள். இந்த இடத்தில் ஒரு வரி, அந்த இடத்தில் ஒரு வரி. பிறகு ஒரு காட்சி. பிறகு முழு நாடகம். அவள் பிரதியில் இடையிடையே காலி இடம் இருப்பதைப் பார்த்து நடிகர்கள் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது உங்கள் இடம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பாள். முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பேசுவார்கள். வாழ்க்கையில் அவர்கள் வாங்காத கைதட்டலை அந்த இடத்தில்தான் வாங்குவார்கள்.

இயக்கச் சொன்னபோதுதான் தகராறு. தலைமைச் சிரிப்பு நடிகர் ஒருவர், வயதில் பெரியவர், பெண்பிள்ளை சொல்லி நான் நடிப்பதா என்று எல்லோர் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நெகி சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் போடவும் தெரியாது, அந்த டிபார்ட்மெண்ட் என்னுடையது. அவர் பக்கத்தில் போய்ப் பணிவாகக் குனிந்து, "அண்ணா, நான் பல் டாக்டரைப் பாக்க வந்தேன். நீங்கதான் டாக்டரா?" என்று கேட்டாள். அந்த மனிதர் ஒசாகாவில் பிறந்து வளர்ந்தவர். கட்டின கை தானாக அவிழ்ந்தது. "எங்கயாவது மேடையில வெச்சு பல்லு பிடுங்குவாங்களா?" என்று அரங்கம் அதிரக் கேட்டார். "இதே குரல்தாண்ணா இரண்டாவது காட்சிக்கு வேணும்" என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளுக்காக நெருப்பில் குதிக்கவும் தயார்.

இப்படியே வருஷங்கள் போயின. மத்தியான வேளை டெலிவிஷன் நாடகங்கள் எழுதினாள், இயக்கினாள். அதன் பிறகுதான் டோக்கியோவிலிருந்து குசகாபே என்று ஒரு தயாரிப்பாளர் வந்தார். சின்னக் கம்பெனி. இரண்டு பெண் சிரிப்பு நடிகைகளைப் பற்றி ஒரு படம், எழுதி இயக்கித் தருகிறீர்களா என்று கேட்டார். அறுபதை நெருங்குகிறவளுக்கு முதல் படம். கடைவீதியே தலைகால் புரியாமல் ஆடியது. மீன்கடை ஒமாதா அம்மா அவளுக்கு நல்ல சேதி வந்தால் சமைக்கிற சிவப்பு மீன் ஒன்றை முழுசாகக் கொடுத்துவிட்டாள்.

கதையைப் படித்துவிட்டு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கதையில் வலது பக்கத்துக்காரி செத்துப்போகிறாள்.

"என்னை ஏன்டி சாகடிச்சே?"

"உயிரோட வெச்சா உன்னை நடிக்கக் கூப்பிடணும். கூப்பிட்டா நீ வரமாட்டே. செத்துட்டா கூப்பிட வேண்டியதில்ல பாரு."

அது என்னவோ உண்மைதான். இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? அவள் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சி இதுதான். வயதான நாயகி தோழி போன பிறகு முதல் தடவையாகத் தனியே மேடையேறி, அதே குடைக் கதையைச் சொல்கிறாள். தோழி பேசவேண்டிய இடம் வரும்போதெல்லாம் நிறுத்துகிறாள். அரங்கம் நிசப்தமாக இருக்கிறது. வயதான நாயகிக்கு டோக்கியோவிலிருந்து ஹிமுரோ தோகிகோ அம்மையார் வந்திருந்தார். அந்த ஒரு காட்சிக்கு மட்டும்தான். படப்பிடிப்பு எங்கள் மிதோரி அரங்கத்திலேயே. கூட்டத்துக்கு நெகி வெளி ஆட்களைக் கூப்பிடவில்லை, எங்கள் கடைவீதி ஜனங்களையே உட்காரவைத்தாள். நான் போகவில்லை. என்னுடைய கருமாதியை நானே போய்ப் பார்ப்பேனா? கல்லைச் சூடுபண்ணிக்கொண்டு கடையில் இருந்தேன்.

மத்தியானம் ஜனங்கள் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் முகத்திலும் ரத்தம் இல்லை.

ஹிமுரோ அம்மையார் அற்புதமாக ஆரம்பித்திருக்கிறார். நல்ல குடை, நனையக்கூடாதென்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்றார். நிறுத்தினார். நிசப்தம். குசகாபே கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அப்போது முடிதிருத்தும் கடை இகுச்சி, "நனையறதுக்குத்தான்டி குடை" என்றார். கொட்டகை கொல்லென்று சிரித்தது. கேமராவை நிறுத்தினார்கள். இகுச்சி எழுந்து மன்னிப்புக் கேட்டார். மறுபடி எடுத்தார்கள். இகுச்சி வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டார், இந்தத் தடவை சொன்னது ஒமாதா அம்மா. அதற்கு அடுத்த தடவை குளியலறை நடத்துகிற நெசு தாத்தா. அவருக்குக் காதே கேட்காது, அம்மையார் வாயசைவு நின்றதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

இதை எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் ஒருவர் உளறினால் அதைச் சும்மா விடுவது மரியாதைக் குறைவு. தும்மினவரைக் கவனிக்காத மாதிரி. அந்த ஜனங்களுக்குக் கலாட்டா செய்யும் எண்ணம் துளிக்கூட இல்லை. நெகி படம் நன்றாக வரவேண்டுமென்று கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத்தான் பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

கடைசியில் ஹிமுரோ அம்மையார் மைக்கை விட்டு விலகி, ரொம்ப மரியாதையாக, தன்னால் இதைச் செய்ய முடியாது என்றிருக்கிறார். இவர்கள் என்னைப் பார்க்கவில்லை, மேடையின் வலது பக்கத்தைப் பார்க்கிறார்கள், அங்கே யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர்தான் இதை நடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அந்த அம்மையார் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் சரியாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

ஜனங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போன பிறகு நெகி வந்தாள். கதவு ஓரத்து ஸ்டூலில், அவளுடைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே மாவை ஊற்றினேன்.

குசகாபே கெடு வைத்துவிட்டாராம். அரங்கம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் அவர்கள் கையில் இருந்தது. அதற்குள் நிசப்தமாக எடுத்தால் சரி. இல்லாவிட்டால் கடைசிக் காட்சியை டோக்கியோ ஸ்டூடியோவில், வாயைத் திறக்காத டோக்கியோ ஜனங்களை வைத்து, அவர்களுடைய டைரக்டர் ஒருவர் எடுப்பார். மீதிப் படத்தில் அவள் பெயர் இருக்கும். கடைசிக் காட்சி மட்டும் வேறு ஒருத்தன் கையில் போகும். அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் அவள் முழுப் படத்தையும் எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"தப்பு அவங்க மேல இல்ல. நான்தான் சரியா எழுதல போலிருக்கு" என்றாள்.

"என்ன எழுதினே?"

"உன் இடத்துல 'மௌனம்'னு எழுதினேன்."

கையிலிருந்த தோசைத்திருப்பியைக் கல்லின் மேல் போட்டேன். "என்னது?"

"குசகாபே சார் கேட்டாரு, இந்த இடம் ஏன் காலியா இருக்குன்னு. காலியா விட்டா டோக்கியோல புரியாதாம். அதான் 'மௌனம்'னு எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "இத்தனை வருஷம் அந்த இடத்துல நீ ஒரு எழுத்து எழுதினதில்ல. முதல் தடவையா எழுதறே, அதுவும் இதையா எழுதுவே? நான் எப்படி வாயை மூடிட்டு இருந்தேன்? தொண்டையை அறுத்தாங்களே, அப்பவாவது மூடினேனா?"

அவள் வாய் நிறைய அடையோடு என்னையே பார்த்தாள். துவாலை ஆலையில் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தாளே, அதே பார்வை. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"சரி. நானே நிக்கிறேன்" என்றாள்.

"எங்க?"

"இடது பக்கம். வேற எங்க நிப்பேன்? நீ வரியா?"

"அடை கருகிடும்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். தட்டில் பாதி அடை அப்படியே இருந்தது. பழகின நாளிலிருந்து அவள் என் கண்முன்னே சாப்பாட்டை மிச்சம் வைத்ததில்லை. அந்தப் பாதி அடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்பை அணைத்தேன். ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. கதவை ஒட்டிப் பின்னால் நின்றுகொண்டேன். குசகாபே கடைசி முறையாக எல்லோரையும் கும்பிட்டுக் கெஞ்சியிருந்தார். ஜனங்கள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பனைக்காரி நெகிக்கு எங்கள் பழைய வெங்காயத்தாள் பச்சைக் கிமோனோவைக் கட்டிவிட்டிருந்தாள். நெகி வந்து மைக்குக்கு இடது பக்கம் நின்றாள். வலது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டிருந்தாள்.

"நேத்து ஒரு குடை வாங்கினேன். ரொம்ப நல்ல குடை. நனையக் கூடாதேன்னு வீட்டிலேயே வெச்சுட்டு வந்தேன்."

நிறுத்தினாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. குசகாபே முகத்தில் சந்தோஷம். அவர் கேட்டது கிடைத்துவிட்டதே. ஆனால் எனக்கு அவள் கை தெரிந்தது. பயம் வந்தால் கிமோனோ மடிப்பைக் கட்டைவிரலால் நெருடுவாள். நெருடிக்கொண்டிருந்தாள். மேடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அந்த மாதிரி ஒரு நிசப்தத்தில் ஆள் உயிரோடு செத்துவிடலாம்.

இகுச்சியால் பொறுக்க முடியவில்லை. "நனையறதுக்குத்தான்டி குடை" என்றார், கிட்டத்தட்ட அழுகையோடு. குசகாபே துள்ளி எழுந்தார். நெகி கேமராக்காரனைப் பார்த்து நிறுத்தாதே என்று புருவத்தால் சொல்லிவிட்டு, வலது பக்கம் திரும்பி, நான் அடித்தால் எப்படித் திரும்புவாளோ அப்படித் திரும்பி, தொடர்ந்தாள்.

"நனைஞ்சு காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட போனேன். காய்ச்சல் எப்ப வந்ததுன்னு கேட்டார். தெரியல டாக்டர், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம்னேன்."

"துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போற இடமாடி அது?" இது ஒமாதா அம்மா, மீன் விற்கிற குரலில்.

"மூணு நாளைக்கு நனையாதேன்னார். சரின்னு குடையை எடுத்துட்டு குளியலறைக்குப் போனேன்."

"குடையோட வெந்நீர்த் தொட்டியில இறங்கினியா?" நெசு தாத்தா கேட்டார். குளியலறை அவருடையது, அவர் கேட்காமல் யார் கேட்பது?

எல்லாம் என் வரிகள். எழுதி வைக்காத வரிகள். நான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோனவை. இந்த ஜனங்கள் டப்பாச் சோற்றைத் தின்றுகொண்டே ஒவ்வொன்றையும் மனசில் வாங்கி வைத்திருக்கிறார்கள், இத்தனை வருஷமாக. எனக்குக் கண்ணை மறைத்தது. ஏப்ரனால் துடைத்தால் கண்ணெல்லாம் மாவு.

"சீச்சீ, குடை நனைஞ்சிடாது? வெளியில வெச்சுட்டுத்தான் இறங்கினேன்" என்றாள் நெகி.

இந்த இடத்தில்தான் முடிக்கவேண்டும். "போதும்டி, விடு" என்று சொல்லவேண்டும். அவள் காத்திருந்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. ஏனென்றால் அது அவர்கள் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்கு அது தெரியும். இகுச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஒமாதா அம்மா. பிறகு வரிசை வரிசையாக எல்லாத் தலையும் திரும்பியது.

இந்தத் தவளைச் சத்தமா படத்தில் வரவேண்டும்? இதையா டோக்கியோவில் கேட்கப்போகிறார்கள்? மேடையில் அவள் இறங்க முடியாமல் நின்றாள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். எழுதாத வரிகளைத் தானாகச் சேர்க்க ஆரம்பித்தாள்.

"வெளியில வந்து பாத்தா குடையைக் காணோம். மழை வேற. அதான் அங்கயே நின்னுட்டிருக்கேன். யாராவது வருவாங்கன்னு. ரொம்ப நேரமா நிக்கிறேன். காய்ச்சல்கூட போரடிச்சு வீட்டுக்குப் போயிடுச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"போதும்டி" என்றேன். கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. "விடு."

அவ்வளவு நிசப்தம், மேடை வரைக்கும் கேட்டது. நெகி நிமிர்ந்து நின்றாள். உடனே குனிந்துவிடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கதவோரத்தில் ஏப்ரனோடு குனிந்தேன். அப்புறம்தான் அவளும் குனிந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அந்த நேரம் எங்களுக்கு ஒருநாளும் தப்பினதில்லை.

குசகாபே என்னிடம் வந்து குனிந்து, "மன்னிக்கணும், நான் கேட்டது இது இல்ல" என்றார். நிமிர்ந்து, "இதுவே இருக்கட்டும்" என்றார். அவரும் நல்ல மனுஷன்தான். டோக்கியோக்காரர், அவ்வளவுதான்.

படம் டோக்கியோவில் ஒரு சின்னத் தியேட்டரில், யாரும் நினைக்காத அளவுக்கு ஓடியது. ஒரு பட விழாவில் அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் மைக்குக்கு நேராக நிற்கச் சொன்னார்களாம். அவள் இடது பக்கம் நகர்ந்து நின்றாள். நடுவில் வாருங்கள் அம்மா என்று மறுபடி கூப்பிட்டும் அசையவில்லை. அந்தப் புகைப்படத்தைப் பத்திரிகையில் போட்டபோது, பாதிப் படம் வெறும் திரைச்சீலையாக இருக்கிறதே, என்ன படம் எடுக்கிறார்கள் என்று யாரோ குறைபட்டுக்கொண்டார். அதை வெட்டி என் கடையில் மாட்டியிருக்கிறேன். பெருமையாக இருக்கிறது. ஆமாம், எனக்குப் பெருமைதான், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எங்கள் ஊரில் மிதோரி அரங்கத்திலேயே திரையைக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். கடைவீதி முழுக்க அன்று கதவடைப்பு. நெகியும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம், அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். படம் முழுக்க ஜனங்கள் திரைக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நெசு தாத்தா வாயசைவைப் பார்த்துத் தன் முறை வந்த இடத்தில் எழுந்து நின்று வணங்கினார். கடைசி இடம் வந்தது. திரையில் நெகி யாராவது வருவார்களா என்று நிற்கிறாள். கொட்டகையில் சத்தமே இல்லை. எல்லோருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியும், ஒருவரும் முந்திக்கொள்ளவில்லை. என் குரல் வந்தது.

பக்கத்தில் அவள் மெதுவாகக் குனிந்து, "டைமிங் சரியா இருந்துதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் லேட்டு" என்றேன்.

"பரவால்ல" என்றாள். "நான்தான் நின்னுட்டிருந்தேனே."

நான் அவளை ஒரு தட்டு தட்டினேன்.